உழுதவன் கணக்கு

“இது படைப்பாளிகளின் யுகம். அன்று ஒருவர் எழுத ஆயிரம் பேர் வாசித்தார்கள். ஒருவர் பாட ஆயிரம் பேர் கேட்டார்கள். இன்று கையிலே தொலைபேசி உள்ள ஒவ்வொருவரும் படைப்பாளிதான்!” சென்ற தவணையில் எமது மாணவர்க்கு வழிகாட்ட வந்த விருந்தினர் ஒருவர் மேடையில் நின்று இவ்வாறு முழங்கினார். மண்டபம் அதிரக் கைதட்டல் எழுந்தது. ஆசிரியர் வரிசையில் இருந்த நாமும் தட்டினோம். வீடு திரும்பும் வழியில், சைக்கிளை மிதித்தபடி அச்சொற்களை மீட்டுப் பார்த்தபோதுதான் அவற்றில் ஏதோ ஒன்று மறைக்கப்பட்டிருப்பது புலனாயிற்று. வயலில் நிற்பவர் எல்லோரும் கமக்காரர் என்று சொல்லிவிடலாம். காணி எவருடையது, வாரம் எவ்வளவு, சூடடித்த பின் நெல் எவர் வீட்டுக்குப் போகிறது என்று கேளாமல் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறோம். பார்வையாளர் படைப்பாளியாவதை நாம் வெறுப்பவர் அல்லர். அது எமது அணியின் பழைய கனவு. பேச மட்டும் தெரிந்த வானொலி, கேட்பவரையும் பேசவைக்கும் கருவியாக மாறவேண்டும் என்று 1932இலேயே பிரெக்ற் வாதித்தார். ஈராண்டு கழித்து வால்ற்றர் பெஞ்சமின், சோவியத் பத்திரிகைகளை உதாரணங்காட்டி, வாசகர் எந்நேரமும் எழுத்தாளராக ஆயத்தமாய் நிற்கும் நிலையைச் சுட்டினார். அதோடு அவர் நிற்கவில்லை. எழுத்தாளர் சொல்லும் கருத்து முற்போக்கானதா என்று மட்டும் பார்த்தாற் போதாது. உற்பத்திக் கருவியோடு அவருக்குள்ள உறவு யாது என்றும் பார்க்கவேண்டும் என்றார். எமது விருந்தினர் விழுங்கிவிட்டது இந்தப் பின்பாதியைத்தான்.

யாழ்ப்பாணத்துக்கு இவ்வினா புதிதன்று. 1841இல் அமெரிக்க மிசனரிமார் ‘உதயதாரகை’யைத் தொடங்கியபோது அச்சுக்கூடம் அவர்களுடையது, எம்மவர் அதன் வாசகர். பேர்சிவல் பாதிரியாரின் கீழ் விவிலிய மொழிபெயர்ப்பிலே உழைத்த ஆறுமுக நாவலர், 1849இல் சென்னைக்குச் சென்று ஓர் அச்சியந்திரத்தை வாங்கினார். அது வண்ணார்பண்ணைக்கு வந்து சேர்ந்த பின்னரே வாசகர் வெளியீட்டாளர் ஆனார். கண்டனம் எழுதப் புலமை மட்டும் போதாது, எழுத்துக் கோக்கும் பெட்டியும் கைவசம் வேண்டும் என்பதை நாவலர் எம்மிற் பலரைவிட நன்கறிந்திருந்தார். ஆயின் அந்த அச்சுக்கூடத்தின் கதவு எல்லாச் சாதியார்க்கும் திறந்ததா? இல்லை. அதற்கு நூறாண்டுக்கு மேலாயிற்று. யாழ்ப்பாண நகரில் சலூன் நடத்திக்கொண்டே எழுத்தாளரான டொமினிக் ஜீவா, 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கினார், பிரதிகளைத் தாமே சுமந்து சென்று விற்றார். அவரும் அவர் தோழர்களும் எழுதிய மக்கள் மொழியை ‘இழிசனர்’ மொழி என்று பண்டிதர் கூட்டம் 1960களின் முற்பகுதியிற் பழித்தது. பழித்தவர்களின் நூல்களைவிட இன்று எவை வாசிக்கப்படுகின்றன என்பதை வாசகரே அறிவர்.

இன்னொரு நினைவு. 1990 தொடங்கிச் சில ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றறிக்கும் தடை. எம் தந்தையார் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்பார். முற்றத்தில் அயலவர் கூடுவர். கை ஓய்ந்தால் குரல் மங்கும். உடனே இன்னொருவர் வந்து சுழற்றுவார். அந்தச் சில்லின் இரைச்சல் எமது முதல் நினைவுகளுள் ஒன்று. வெறுமனே கேட்பதற்குக்கூட உடலுழைப்பைக் கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. ஆனால் அந்த மின்சாரம் சுழற்றியவர்க்கே உரியதாயிருந்தது. முற்றத்துக்கு வெளியே எவரும் அதற்கு வாரம் அறவிடவில்லை.

கணினிக்குத் தமிழ் வந்த கதையும் பெருமளவுக்கு இப்படிச் சில்லைச் சுழற்றியவர்களின் கதைதான். தமிழில் எழுத வழியின்றித் தவித்தவர்களே எழுத்துருவும் விசைப்பலகையும் ஆக்கினார்கள். 1998இல் சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த விஞ்ஞானி கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்க, பல நாடுகளிலே சிதறியிருந்த வாசகர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டுத் தந்தார்கள். பாமினி எழுத்துருவில் வினாத்தாள் அடித்துப் பழகிய எம் போன்ற ஆசிரியர்களுக்கு, அதனை ஒருங்குறிக்கு மாற்றும் வழியைப் புலம்பெயர்ந்த எம்மவரான சுரதா யாழ்வாணன் ஆக்கித் தந்தார். நாம் அதனை ஆயிரம் தடவை பயன்படுத்தியிருப்போம். ஆக்கியவர் எவர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கிணற்றில் நீர் அள்ளுபவர் வெட்டியவரை நினைப்பதில்லை அல்லவா?

இவ்விடத்தில் ஒரு மென்பொருளின் பிறப்பைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். எமது வாதத்தின் முதுகெலும்பு அதுவே. 2001 ஜனவரியில் ஆங்கிலத்தில் விக்கிப்பீடியா தொடங்கியபோது, வேறொருவர் எழுதிய எளிய மென்பொருளொன்றின் மீது அது ஓடியது. எழுதுவோர் பெருகப் பெருக அது தாங்கவில்லை. அப்போது அதன் வாசகரும் எழுத்தாளருமாயிருந்த மாக்னஸ் மான்ஸ்கே என்ற ஜெர்மானிய மாணவர் புதிய மென்பொருளொன்றைத் தாமே எழுதிக் கொடுத்தார். 2002 ஜனவரியில் அது பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் பலர் கைபட்டுத் திருந்தி, ‘மீடியாவிக்கி’ என்ற பெயரைப் பெற்றது. எவரும் எடுக்கலாம், எவரும் மாற்றலாம், மாற்றியதை மீளப் பகிரலாம் என்பதே அதன் உரிமம். 1983இல் ரிச்சார்ட் ஸ்ரோல்மன் அறிவித்த கட்டற்ற மென்பொருள் இயக்கம் உலகுக்குத் தந்த கொடை இத்தகைய உரிமம்.

விளைவைப் பாருங்கள். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது. கட்டடக் கலைஞரான, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன், வளைகுடா நாட்டிலே தொழில் புரிந்துகொண்டு, அதன் இடைமுகத்தைத் தமிழாக்கி, பின்னர் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். இன்று அதிலுள்ள கட்டுரைகள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். 2005இல் மு. மயூரன், தி. கோபிநாத் முதலான இளைஞர்கள் நூலகத் திட்டத்தைத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சிட்டார்கள். பின்னர் பக்கம் பக்கமாக வருடி ஏற்றினார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது சாம்பலான நூல்கள் 97,000 என்பர். அந்த இழப்பை ஈடுசெய்ய அரசாங்கம் ஒன்றும் இவ்வேலையைத் தொடங்கவில்லை. வீட்டு அலுமாரிகளிற் கிடந்த சஞ்சிகை, ஊர்ச் சங்க மலர், பாடசாலை மலர், அந்தியேட்டி நாளில் வெளியிடும் கல்வெட்டு என்று பல்லாயிரம் வெளியீடுகளை வாசகரே தேடி எடுத்துக் கொடுத்தார்கள். இவை எல்லாம் ஏறி நிற்கும் மென்பொருள் எது? அந்த ஜெர்மானிய மாணவர் தொடக்கிவைத்த அதே மீடியாவிக்கி. எம் இளைஞர்கள் அதற்காக எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. எவருக்கும் கப்பம் கட்டவில்லை. வாசகர் ஒருவர் கருவி செய்தார். இன்னொரு கண்டத்து வாசகர்கள் அக்கருவியால் நூலகம் செய்தார்கள். பார்வையாளர் படைப்பாளியாதல் என்று நாம் சொல்வது இதனை.

அதே 2005இல் இன்னொன்றும் பிறந்தது: யூரியூப். மறுவருடம் ஒக்ரோபரில் அதனை 165 கோடி டொலர் கொடுத்து வாங்குவதாக கூகிள் அறிவித்தது. அவ்வருட இறுதியில் அமெரிக்காவின் ‘ரைம்’ சஞ்சிகை, ஆண்டின் சிறந்த மனிதர் ‘நீங்கள்’ என்று அறிவித்து, முன்னட்டையில் கண்ணாடி போலப் பளபளக்கும் தாளொன்றை ஒட்டியது. வாசகர் அதில் தம் முகத்தைப் பார்த்து மகிழலாம். பட்டம் ‘உங்களுக்கு’, 165 கோடி எவருக்கு? அந்தத் தளத்தை அவ்விலைக்குத் தகுதியாக்கிய காணொளிகளை ஏற்றியவர்களுக்கு அதில் ஒரு சதம் போயிற்றா? வேட்டி சால்வை போர்த்தி மாலையிட்டுவிட்டுக் காணி உறுதியைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும் பிரமுகரை எமது ஊர்களிலும் கண்டிருக்கிறோம்.

‘இப்போது பங்கு கொடுக்கிறார்களே’ என்பர். கொடுக்கிறார்கள். விளம்பர வருவாயில் நூற்றுக்கு 55 என்பது நெடுங்காலமாய்ச் சொல்லப்படும் கணக்கு. நல்ல வாரம்தான்! ஆனால் 2018இல் ஒரு வேலி போடப்பட்டது: ஆயிரம் சந்தாதாரரும், ஓராண்டில் நாலாயிரம் மணிநேரப் பார்வையும் இல்லாதவர்க்கு அந்தப் பங்கு இல்லை. 2020 நவம்பரில் இன்னொரு விதி: வேலிக்கு வெளியே நிற்பவரின் காணொளியிலும் கம்பனி விளம்பரம் போடலாம், அவருக்கு ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. எந்தக் காணொளியை எவர் கண்ணிற் காட்டுவது என்று தீர்மானிக்கும் சூத்திரமோ கம்பனியின் பெட்டிக்குள். விதைப்பவர் விதைக்கலாம், மழையின் திறப்பு இன்னொருவர் மடியில். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று எம் முன்னோர் சொன்னது நெல் வயலுக்கு மட்டும் அன்று போலும்.

மிஞ்சுவதற்காக என்ன செய்யவேண்டியிருக்கிறது என்பதையும் கண்டோம். கஷ்டப்பட்ட குடும்பங்களைத் தேடிச் சென்று, அரிசிப் பையையும் கண்ணீரையும் ஒருங்கே படமெடுத்து வெளியிடுவது எம் பகுதிகளில் ஒரு தொழிலாகிவிட்டது. எமது வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டுக்கும் ஓர் இளைஞர் வந்தார். வெளிநாட்டிலிருந்து எவரோ அனுப்பிய பணத்தில் வாங்கிய சாமான்கள், கையிலே கமெரா. தாயார் தம் கதையைச் சொல்லி அழுதார். வெளிச்சம் போதவில்லை என்று முற்றத்துக்கு அழைத்து, “அம்மா, அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ” என்றாராம் அந்த இளைஞர். அம்மா இன்னொருக்கா அழுதார். மறுநாள் மாலைக்குள் வகுப்பிலுள்ள அத்தனை தொலைபேசிகளிலும் அந்த முற்றம், அந்தக் கிழிந்த படங்கு, பின்னால் நின்ற அந்தப் பிள்ளை. ஒரு கிழமை அவள் பாடசாலைக்கு வரவில்லை. வந்தபோது முன்வரிசையை விட்டுப் பின்வரிசையில் இருந்தாள். அடுத்த தவணையில் வேறு பாடசாலைக்குப் போய்விட்டாள்.

இங்கே படைப்பாளி எவர்? இளைஞரா? அவரும் வேலையற்ற பட்டதாரிதான். பார்வைக் கணக்கு விழுந்தால் அவர் அடுப்பும் அணையும். கதையைச் சொன்னவரும் நடித்தவரும் அந்தத் தாயார். அவர் பெயர் எந்தப் பங்கிலும் இல்லை. புகையிலைத் தோட்டத்தில் இலை எந்த இடத்திலோ, அந்த இடத்தில் அவர்களின் வறுமை நின்றது. இளைஞரை ஏசிவிட்டு ஓய்வது எளிது; எம் ஊரவர் பலர் அதைத்தான் செய்கிறார்கள். கண்ணீருக்கு அதிக விலையும் கணக்குப் பாடத்துக்குக் குறைந்த விலையும் வைத்த சந்தை எதுவோ, அதன் சொந்தக்காரரைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

எமது நண்பரொருவர், அவரும் ஆசிரியர், தொழிற்சங்கவாதி, இவ்வாறு மடக்கினார்: “உமது விக்கிப்பீடியாவிலும் நூலகத்திலும் வேலை செய்பவர்க்கு நூற்றுக்கு 55 அல்ல, ஐந்துகூட இல்லையே. கூலியில்லா உழைப்பைச் சுரண்டல் என்று படித்த நாம், அதை மட்டும் எப்படிப் புகழ்வது?” நியாயமான கேள்வி. விடையை ஸ்பானிய மொழியிலிருந்து எடுத்துத் தருகிறோம். 2002இல் விக்கிப்பீடியாவில் விளம்பரம் போடப்படலாம் என்ற பேச்சு எழுந்தது. ஸ்பானிய மொழியில் எழுதிக்கொண்டிருந்தோர் பலர், தாம் எழுதிய கட்டுரைகள் அத்தனையையும் படியெடுத்துக்கொண்டு வெளியேறி, செவில் பல்கலைக்கழகத்தின் கணினியில் தமக்கென ஒரு கலைக்களஞ்சியத்தைத் தொடங்கிவிட்டார்கள். உரிமம் அதற்கு இடங் கொடுத்தது. விக்கிப்பீடியாவில் இன்றுவரை வர்த்தக விளம்பரம் இல்லை. உழைப்பாளர் தம் உழைப்பின் பயனையும் பட்டறையையும் தூக்கிக்கொண்டு வெளிநடப்புச் செய்ய முடிந்த இடம் அது. யூரியூப்பில் எவரால் அப்படி நடக்க முடியும்? யாகூ குழுமங்களில் எத்தனையோ தமிழர் ஆண்டுக்கணக்காக எழுதினார்கள்; இலக்கணம் முதல் இட்டலி வரை விவாதித்தார்கள். 2019 டிசம்பரில் கம்பனி அந்தப் பதிவுகளை அழித்தது. அறிவித்தல் வந்தது சில வாரங்களுக்கு முன். குடியிருப்பவரை எழுப்பக்கூட அதைவிட நீண்ட தவணை கொடுப்பார்கள்.

இதனால், பொதுக்காணியில் எல்லாம் சுகம் என்று நாம் சொல்லவில்லை. இன்று மொழியைக் கற்கும் யந்திரங்களைச் செய்யும் கம்பனிகளின் ஆலைக்கு விக்கிப்பீடியா நல்ல கரும்பு. ஊதியமின்றி எழுதியவர்களின் உரை உள்ளே போகிறது. சந்தாப் பணத்துக்கு விற்கும் பண்டம் வெளியே வருகிறது. எவரும் எடுக்கலாம் என்ற கதவு வழியே ஏழை மாணவரும் வருவார், மாட்டு வண்டியோடு முதலாளியும் வருவார். இதற்குப் பூட்டுப் போடுவதா, வாசலில் வரி வைப்பதா என்பது உலகெங்கும் நடக்கும் வழக்கு. எமக்கும் அதில் முடிந்த முடிபு இல்லை.

ஆனால் எமது சொந்த வீட்டுக் குற்றம் ஒன்றுண்டு. அதற்கு எவர்மீதும் பழிபோட முடியாது. ‘யார் யாரோ எழுதுகிறார்கள், ஆதாரமற்றது, பிழை மலிந்தது’ என்று தமிழ் விக்கிப்பீடியாவைப் பற்றிப் பல்கலைக்கழகத்திலும் பாடசாலையிலும் படித்தவர் முகஞ் சுளிப்பதைக் கேட்கிறோம். சுளித்த முகத்தோடு வீட்டுக்குப் போய் அதிலிருந்தே பாடக்குறிப்பு எடுக்கிறார்கள். அறுபது வருடத்துக்கு முன் மக்கள் மொழியைப் பழித்த பண்டிதரின் குரல் இப்போது எம் தொண்டையிலிருந்து வருகிறது. எம் தொண்டை என்பதை வேண்டுமென்றே சொல்கிறோம். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்ற நாம், பத்து வருடம் அதிலிருந்து எடுத்தோம். ஒரு வரி கொடுக்கவில்லை.

அதனை உடைத்தவன் பதினோராந் தர மாணவன் ஒருவன். ஒப்படையில் அயலூர்க் குளமொன்றைப் பற்றி எழுதி வந்தான். ஒரு தகவல் பிழை. சிவப்பு மையாற் கோடிட்டு, “எங்கேயிருந்து எடுத்தாய்?” என்று கேட்டோம். விக்கிப்பீடியா என்றான். ‘அதை நம்பலாமா’ என்று வகுப்பு முழுவதற்கும் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “சேர், பிழை எண்டு உங்களுக்குத் தெரிஞ்சால் நீங்களே அதைத் திருத்தலாம் தானே? மேலே ‘தொகு’ எண்டு கிடக்குது.” வகுப்புச் சிரித்தது. புள்ளியைக் குறைத்த நாம் அன்று மாலை அந்த வரியைத் திருத்தினோம். ஐந்து நிமிடம் பிடிக்கவில்லை.

அதன் பின் சனிக்கிழமைகளில் ஏழெட்டு மாணவர்கள் எம்மோடு இருந்து எழுதுகிறார்கள். பெண்பிள்ளைகள் இருவர்தாம், ரியூசன் முடிந்து இருட்டுமுன் வீடு சேரவேண்டும் என்பதால் அவர்களும் இடையில் எழும்பிவிடுகிறார்கள். சென்ற மாதம் அதே மாணவன் தன் குறிச்சியின் வாசிகசாலையைப் பற்றி ஒரு கட்டுரை தொடங்கினான். ஊரின் நடுவேயுள்ள பழைய வாசிகசாலைக்குள் தம்மை விடாதபடியால், அவனுடைய பாட்டனார் தலைமுறையினர் கிடுகால் வேய்ந்து கட்டிய கொட்டில் அது. கையெழுத்துச் சஞ்சிகைகூட நடத்தினார்களாம். கட்டுரையை ஏற்றி இரண்டு நாளில், ஆதாரம் இல்லை, நீக்கலாம் என்ற குறிப்பு மேலே வந்து நின்றது. குறிப்பை இட்டவர்மேல் எமக்குக் கோபமில்லை, விதி அப்படி. அச்சில் வந்த சான்று வேண்டும். நூலகத் தளத்திலே தேடினோம். நடுவூர் வாசிகசாலைக்கு ஆண்டு மலர் இருக்கிறது, பிரமுகர்களின் கல்வெட்டுகளில் அதன் புகழ் இருக்கிறது. கிடுகுக் கொட்டிலுக்கு ஒரு வரி இல்லை. அச்சுக்கூடம் எவரிடம் இருந்ததோ அவரிடமே ஆதாரமும் இருக்கிறது. கையெழுத்துச் சஞ்சிகைகள் இடம்பெயர்ந்த நாட்களிற் போய்விட்டன.

இப்போது அவன் பாட்டனாரைத் தொலைபேசியிற் பதிவு செய்துகொண்டிருக்கிறான். முதற் பதிவு நாற்பது நிமிடம். இடையிடையே கோழி கூவுகிறது. வாய்மொழி வரலாறுகளைச் சேர்க்கும் நூலகத்தாரிடம் கொடுக்க எண்ணியிருக்கிறோம். ஆயினும் வாய்மொழிப் பதிவை விக்கிப்பீடியாக் கட்டுரைக்கு ஆதாரமாகக் காட்டமுடியாது என்கிறார்கள். அந்த விதியை மாற்றவேண்டும் என்று உரையாடற் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். மூவர் மறுத்திருக்கிறார்கள், ஒருவர் ஆதரித்திருக்கிறார். கட்டுரையின் தலையில் அந்தக் குறிப்பு இன்னும் நிற்கிறது.